அளந்த புகையும் அளக்காத புகையும்

குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது என்றதும் ஏதோ நேற்று வந்த தொழில்நுட்பம் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. மாநகராட்சிகளின் அறிவிப்புகளும் அப்படித்தான் பேசுகின்றன. உண்மையில் இந்தத் தொழிலுக்கு வயது நூற்றிருபத்தைந்துக்கும் மேல். லண்டனின் ஷோர்டிச் பகுதியில் 1897ஆம் ஆண்டு ஒரு குப்பை மின் நிலையம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அந்தக் காலத்தின் பெரிய இயற்பியலாளரான கெல்வின் பிரபு. வட்டாரத்துக் குப்பையை எரித்து, அந்த வெப்பத்தில் நீராவி உண்டாக்கி, மின்னாக்கியைச் சுழற்றித் தெருக்களுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். மிஞ்சிய வெப்பம் பக்கத்திலிருந்த பொதுக் குளியலறைகளுக்குப் போனது. புழுதியிலிருந்து ஒளியும் ஆற்றலும் என்று பொருள்படும் இலத்தீன் வாசகத்தையும் கட்டடத்தில் பொறித்தார்கள். அன்று முதல் இன்றுவரை இந்தத் தொழில் கொடுத்துவரும் வாக்குறுதி ஒன்றேதான்: குப்பையும் ஒழியும், விளக்கும் எரியும். மாறிக்கொண்டே வந்திருப்பது, உலையின் புகையில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பற்றிய நம் அறிவு. அந்த அறிவு வளர்ந்த விதத்தைப் பின்தொடர்ந்தால் ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியாது. குப்பை மின்சாரத்தின் புகை எந்த நாட்டிலும் தானாகக் குறைந்ததில்லை. யாரோ ஒருவர் அளந்து, அளந்ததை ஊரறியச் சொன்ன பிறகுதான் குறைந்திருக்கிறது. அளக்காத காலம் முழுவதும் அந்த நஞ்சு இல்லவே இல்லை என்றுதான் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

பிரிட்டனில் குப்பைக்கென்று கட்டிய முதல் உலை 1874இல் நாட்டிங்காம் நகரில் வந்தது. ஆல்ஃபிரட் ஃபிரையர் வடிவமைத்த அந்த உலைக்கு ‘டெஸ்ட்ரக்டர்’ என்று பெயர். அதைக் கட்டியது மின்சாரத்துக்காக அல்ல, நோய்க்குப் பயந்து. நகரங்கள் வீங்கிக்கொண்டிருந்த காலம். குவிந்து கிடக்கும் குப்பையிலிருந்துதான் தொற்றுநோய் கிளம்புகிறது என்று நகரசபைகள் நம்பின. அன்றைய ஆங்கிலேயரின் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு அடுப்புச் சாம்பல், அதற்குள் அரைகுறையாக எரிந்த நிலக்கரித் துண்டுகள். குப்பை தன் நெருப்பைத் தானே சுமந்து வந்தது என்பதால்தான் ஷோர்டிச்சில் மின்சாரம் எடுக்க முடிந்தது. தொடக்க கால உலைகளில் சூடு போதாமல் புகையோடு நாற்றமும் எழுந்தது; சுற்றியிருந்தவர்கள் முறையிட்டார்கள்; புகையை மறுபடி எரிக்கும் ஏற்பாடுகளைச் சேர்த்து, புகைபோக்கியையும் உயர்த்தினார்கள். இவையெல்லாம் மூக்குக்கும் கண்ணுக்கும் சொன்ன பதில்கள்.

கண்தான் அன்று அளவுகோல் என்பதற்கு ரிங்கல்மான் அட்டை நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மான் உருவாக்கியது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்திருப்பார்கள். கட்டத்துக்குக் கட்டம் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போகும். தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் கலந்து வெளிர்சாம்பல் முதல் முழுக்கறுப்பு வரை நிறப்படிகளாகத் தெரியும். ஆய்வாளர் அட்டையை நிறுத்திவைத்து, அதற்கு அப்பால் தெரியும் புகையின் நிறம் எந்தப் படியோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். லண்டனின் 1952 நச்சு மூடுபனிக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம்கூடக் ‘கரும்புகை’ என்றால் என்ன என்பதை இந்த அட்டையை வைத்தே வரையறுத்தது. நிலக்கரிப் புகைக்கு இது ஓரளவு பொருந்தும்; கரி கண்ணுக்குத் தெரியும். ஆனால் புகை வெளுத்துவிட்டால் தூய்மையாகிவிட்டது என்ற பழக்கத்தையும் இந்த அட்டைதான் ஊன்றியது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ஆலையின் புகைபோக்கியில் புகையே தெரியவில்லையே என்று சொல்லிப் பார்வையாளர்களைச் சமாதானப்படுத்துவது அதன் மிச்சம்தான்.

குப்பையை அப்படியே உலையில் கொட்டுவதை விட்டு, அதிலிருந்து ஓர் எரிபொருளைத் தயாரித்து எரிப்பது என்ற யோசனை 1970களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. குப்பையை நொறுக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, காற்றை ஊதி மண், கண்ணாடி போன்ற கனமானவற்றைக் கீழே தள்ளிவிட்டால், காகிதம், துணி, பிளாஸ்டிக் போன்ற இலேசானவை மிஞ்சும். அதைத் தூளாகவோ வில்லைகளாகவோ நிலக்கரியோடு கலந்து எரிக்கலாம். ஆர்.டி.எஃப். என்று இந்தத் துறையில் புழங்குவது இதுதான். செயிண்ட் லூயிஸ் நகரில் 1972இல் மின் நிறுவனம் ஒன்றின் கொதிகலனில் அரசு உதவியோடு சோதனை ஓட்டம் நடந்தது. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரம் 1975இல் தன் நகராட்சி மின் நிலையத்திலேயே இதை நிரந்தரமாக்கிக்கொண்டது. நடுவில் 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்து இந்த யோசனைக்கு விலையேற்றிவிட்டது. நிலக்கரியைவிட இந்த எரிபொருளில் கந்தகம் குறைவு என்பது அன்று முன்வைத்த சுற்றுச்சூழல் வாதம். அது பொய் அல்ல. அன்றைய அமெரிக்கா கந்தகத்தையும் தூசியையும் அளந்துகொண்டிருந்தது. அளந்த இரண்டிலும் புதிய எரிபொருள் தேறிவிடும் என்று தோன்றியது. பிவிசி பிளாஸ்டிக்கிலும் உப்புப் படிந்த உணவுக் கழிவிலும் உள்ள குளோரின் உலைக்குள் போய் என்னவாகிறது என்று கேட்பவர்கள் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை 1977இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. ஓலி, வெர்முலன், ஹட்சிங்கர் என்ற மூன்று வேதியியலாளர்கள் நகர்க் குப்பை உலைகளின் சாம்பலிலும் புகையிலும் டையாக்ஸின், ஃபியூரான் சேர்மங்களைக் கண்டதாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இத்தாலியின் செவேசோ நகரில் வேதி ஆலை விபத்தொன்றில் டையாக்ஸின் பரவி, அந்தப் பெயர் உலகம் முழுவதும் தெரிந்திருந்தது. விபத்தில் வெளியான நஞ்சு அன்றாடம் ஓடும் உலைகளிலிருந்தும் வெளியாகிறது என்பது யாரும் எதிர்பாராத செய்தி. 1977க்கு முன்பும் அந்த உலைகள் அதே புகையைத்தான் விட்டுக்கொண்டிருந்தன. தேடிப் பார்த்தவர்கள் இல்லை. ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராம் அளவில் பேச வேண்டிய நஞ்சு இது. உடலின் கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவது.

இந்த நஞ்சு பிறக்கும் விதம் பொறியாளர்களுக்குப் பெரிய சிக்கலைக் கொடுத்தது. உலைக்குள் 850 டிகிரிக்கு மேல் இரண்டு விநாடி வாயு நின்றால் டையாக்ஸின் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் வாயு குளிர்ந்து ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் வழியில், சாம்பல் துகள்களில் ஒட்டியிருக்கும் கரியும் குளோரினும் செம்பு போன்ற உலோகங்களின் துணையோடு சேர்ந்து அதை மறுபடி உண்டாக்கிவிடும். அன்றைய ஆலைகள் பலவற்றில் தூசியைப் பிடிக்க வைத்திருந்த நிலைமின் கருவி சரியாக அந்தச் சூட்டில்தான் இயங்கியது. தூசிக்கு மருந்தாக வைத்த கருவிக்குள்ளேயே டையாக்ஸின் பிறந்துகொண்டிருந்தது. தூசியை மட்டும் அளந்தவருக்கு அந்த ஆலை சிறந்த ஆலை. டையாக்ஸினை அளந்தவருக்கு அதுவே மோசமான ஆலை. எதை அளக்கிறோம் என்பது எதைக் கட்டுகிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் இதற்குக் கொடுத்த விலை பெரியது. நொறுக்கிய குப்பையை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும் மின் நிலையம் அங்கே 1983இல் ஓடத் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 1992இல் புகைபோக்கியில் நடந்த சோதனையிலிருந்து, அந்த ஒரே ஆலை ஆண்டுக்கு 984 கிராம் டையாக்ஸின் வெளியிடுவதாகக் கணக்கிட்டார்கள். பலவகை டையாக்ஸின்களையும் அவற்றின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கூட்டிய தொகை அது. பிறகு உலை ஓட்டத்தில் மாற்றங்கள் செய்ததும் 1994இல் அது 267 கிராமாகக் குறைந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஆலையே மூடப்பட்டது. அளந்த இரண்டே ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு குறைக்க முடிந்திருக்கிறது என்றால், அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளிலும் குறைத்திருக்கலாம். குறைக்கும் வழி தெரியாமல் போனதல்ல காரணம். குறைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்று காட்டும் எண் யார் மேசையிலும் இல்லை.

இனி இந்தத் தொழிலை ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். அதெல்லாம் பழைய கதை, இன்றைய ஆலைகள் வேறு என்பார்கள். பெருமளவு உண்மை. ஜெர்மனி 1990இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2000இலும் ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராம் என்று டையாக்ஸினுக்கு வரம்பு கட்டின. அமெரிக்கா 1995இல் பெரிய உலைகளுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. வாயுவை விரைவாகக் குளிரவைத்தல், சுண்ணாம்பு தெளித்து அமிலத்தைப் பிடித்தல், தூளாக்கிய கரியைத் தூவி டையாக்ஸினையும் பாதரசத்தையும் உறிஞ்சுதல், கடைசியில் துணிப்பை வடிகட்டிகள் என்று வரிசையாக ஏற்பாடுகள் வந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி, நாட்டிலுள்ள நகர்க் குப்பை உலைகள் எல்லாம் சேர்ந்து வெளியிட்ட டையாக்ஸின் 1990இல் 4,400 கிராம். 2005இல் 15 கிராம். பழைய கொலம்பஸ் ஆலை ஒன்றே ஓராண்டில் விட்டதில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் 2005இல் ஒரு நாடே விட்டது. இந்தச் சாதனையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அது எந்த வரிசையில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் அளவீடு, பிறகு வரம்பு, பிறகு வரம்பை மீறினால் மூடிவிடும் துணிவு, அதன் பின்தான் கருவி. கருவியை மட்டும் வாங்கிவந்து நிறுத்தினால் மற்ற மூன்றும் கூடவே வந்துவிடும் என்பதற்கு இந்த வரலாற்றில் சான்று கிடையாது.

புகையில் குறைந்தது எங்கே போனது என்பது அடுத்த கேள்வி. வடிகட்டி நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. பிடித்தது சாம்பலில் இருக்கிறது. புகைக்குக் காவல் போட்ட நாடுகள் சாம்பலை மறந்ததற்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரம் சாட்சி. அங்கே பைக்கர் என்ற இடத்தில் குப்பை எரிபொருளை எரித்து வீடுகளுக்கு வெப்பம் கொடுக்கும் நிலையம் இருந்தது. அதன் சாம்பலை 1990களில் நகரத்தின் காய்கறித் தோட்டங்களிலும் பாதைகளிலும் கொட்டிப் பரப்பினார்கள். தோட்டப் பாதைக்கு நல்ல கெட்டித் தளம் என்று நினைத்தார்கள். பிறகு மண்ணைச் சோதித்தபோது டையாக்ஸினும் கன உலோகங்களும் இருப்பது தெரிந்து, பரப்பியதையெல்லாம் அள்ள வேண்டியிருந்தது, வழக்கும் நடந்தது. எனவே குப்பை மின்சாரத்தின் மாசு என்று பேசும்போது புகைபோக்கியின் வாயோடு நிறுத்திக்கொள்வது பாதிக் கணக்கு. சாம்பல் லாரியில் ஏறி எந்த ஊருக்குப் போகிறது என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

இந்தியாவின் கதை தில்லியின் திமார்பூரில் தொடங்குகிறது. டென்மார்க் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் ஆலை 1987இல் கட்டி முடிக்கப்பட்டது. சோதனை ஓட்டம் 21 நாள் நடந்ததோடு சரி. 1990இல் ஆலையைக் கைவிட்டார்கள். கிலோவுக்கு 1,460 கிலோ கலோரி அளவுக்கு வெப்பம் தரும் குப்பைக்காக வடிவமைத்த உலைக்கு, அதில் பாதிகூடத் தேறாத குப்பை வந்து சேர்ந்தது. காரணம் நம் சமையலறையும் காயலான் கடையும்தான். நம் குப்பையில் காய்கறித் தோல், சோறு, இலை, மண் ஆகியவையே அதிகம்; பாதி எடைக்கு ஈரம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டுமே 540 கிலோ கலோரி வேண்டும். எரியக்கூடிய காகிதமும் அட்டையும் நல்ல பிளாஸ்டிக்கும் பழைய பேப்பர்காரர் கைக்கும் குப்பை பொறுக்குவோர் சாக்குக்கும் முன்பே போய்விடுகின்றன. உலைக்கு மிஞ்சுவது எரிய மறுக்கும் மிச்சம். டென்மார்க் குப்பையை மனத்தில் வைத்து வரைந்த உலைக்குத் தில்லியின் குப்பை தோல்வியைக் கொடுத்தது. இங்கும் குறை அளவீட்டில்தான்: உலையை வாங்கும் முன் குப்பையை ஒழுங்காக எடைபோட்டு, உலர்த்தி, எரித்துப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

இந்தத் தோல்வியிலிருந்து கற்ற பாடமாகத்தான் ஆர்.டி.எஃப். இந்தியாவுக்கு வந்தது. ஈரக் குப்பையை எரிக்க முடியாதென்றால், காயவைத்துப் பிரித்து எரிபொருளாக்கி எரிக்கலாம் என்பது யோசனை. ஹைதராபாத்திலும் விஜயவாடாவிலும் 2003இன் இறுதியில் ஆறு மெகாவாட் அளவிலான ஆலைகள் அரசு உதவியோடு ஓடத் தொடங்கின. எரிபொருள் குறைந்தபோது நெல் உமி போன்றவற்றைச் சேர்த்தே கொதிகலனை ஓட்டினார்கள். லக்னோவில் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை பிரிக்காத குப்பையால் முடங்கிப்போனது. திடக்கழிவு குறித்த அல்மித்ரா படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் இத்தகைய திட்டங்களுக்கு மானியம் கொடுப்பதை நிறுத்திவைத்து, வல்லுநர் குழுவின் ஆய்வைக் கேட்டது. 2007இல் ஐந்து முன்னோடித் திட்டங்களுக்கு மட்டும் வழிவிட்டது. ஹைதராபாத், விஜயவாடா ஆலைகளும் நீண்ட காலம் நிலைக்கவில்லை. எரிபொருள் தயாரிப்பைத் தொழில்நுட்ப விவரம் என்று தாண்டிப் போய்விட முடியாது. குப்பையை நல்ல எரிபொருளாக்குவது என்றால் ஈரத்தையும் மண்ணையும் கழித்து, மிச்சத்தில் பிளாஸ்டிக்கின் பங்கைக் கூட்டுவது என்றுதான் நடைமுறையில் பொருள். வெப்பம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே குளோரினும் கன உலோகங்களும் வருகின்றன. பிவிசியைத் தேடிப் பிரிக்காத வரை, எரிபொருள் நன்றாக எரிய எரியப் புகையைக் காவல் காக்கும் வேலையும் கூடும்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 2000ஆம் ஆண்டின் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் எரிஉலைகளின் தூசிக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கும் ஹைட்ரஜன் குளோரைடுக்கும் வரம்பு சொன்னன. தூசிக்குக் கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். குளோரின் உள்ள பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது என்றும் சொன்னன. டையாக்ஸினுக்கு எண் வைக்கவில்லை. நெதர்லாந்துக் கண்டுபிடிப்பு வந்து 23 ஆண்டுகள், ஜெர்மன் வரம்பு வந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகு எழுதிய விதிகள் அவை. 2016 விதிகளில்தான் 0.1 நானோகிராம் என்ற ஐரோப்பிய வரம்பு இந்தியாவின் நகர்க் குப்பை உலைகளுக்கு வந்தது. தூசியின் வரம்பும் 50 மில்லிகிராமாக இறங்கியது. அதே விதிகள் 1,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சிக்கு உதவாத குப்பையைக் கிடங்கில் கொட்டக் கூடாது, எரிபொருளாக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன. 2000, 2016 ஆகிய இரு விதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் தில்லி ஓக்லாவில் 16 மெகாவாட் ஆலை 2012இல் ஓடத் தொடங்கிவிட்டது, குடியிருப்புகளை ஒட்டியே. பக்கத்துக் குடியிருப்பான சுக்தேவ் விகார் மக்கள் 2009இலேயே உயர் நீதிமன்றம் போனார்கள்; வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறியது; தீர்ப்பு 2017 பிப்ரவரியில் வந்தது. முந்தைய மீறல்களுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்து, கண்காணிப்புக்கு உத்தரவிட்டு, ஆலையைத் தொடர்ந்து ஓட விட்டார்கள். நல்ல எரிபொருளாக்கி எரிப்போம் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டுக் குப்பையை நேராக எரிக்கிறார்கள் என்பது எதிர்த்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. ஓக்லாவைத் தொடர்ந்து காஜிப்பூர், நரேலா-பவானா, தெஹ்கண்ட் என்று தில்லியின் ஆலைகள் பெருகின.

டையாக்ஸினுக்கு ஐரோப்பாவின் வரம்பே வந்துவிட்டது, இனி என்ன குறை என்று கேட்கலாம். வரம்பு என்பது காகிதத்தில் உள்ள எண். அளக்கும் முறைதான் அதற்கு உயிர். தூசியையும் கார்பன் மோனாக்ஸைடையும் நொடிக்கு நொடி அளக்கும் கருவிகள் உண்டு. டையாக்ஸினை அப்படி அளக்க முடியாது. புகைபோக்கியின் பக்கவாட்டுத் துளையில் குழாயை நுழைத்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் வாயுவை உறிஞ்சி, வடிகட்டியிலும் பிசின் மணிகளிலும் படிவதை ஆய்வகத்துக்கு அனுப்பி, 17 வகைச் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யக்கூடிய ஆய்வகங்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, திருவனந்தபுரத்தின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் அவற்றில் முன்னோடி. சோதனைக்கு ஆட்கள் வரும் நாள் ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். அன்று நல்ல குப்பையைப் போட்டு உலையைச் சீராக ஓட்டலாம். அதில் திருட்டுத்தனமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சீராக ஓடும் எட்டு மணி நேரம் ஆண்டின் மற்ற மணி நேரங்களுக்குப் பிரதிநிதி ஆகாது. பெல்ஜியத்தில் ஆறு மணி நேரச் சோதனையையும், இரண்டு வாரம் இடைவிடாமல் மாதிரி எடுத்த சோதனையையும் ஒரே உலையில் ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வு, குறுகிய சோதனை உண்மையை 30 முதல் 50 மடங்கு வரை குறைத்துக் காட்டியிருக்கலாம் என்றது. உலையைப் பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் ஈரக் குப்பை வந்து சூடு விழும்போதும்தான் நஞ்சு அதிகம் கிளம்புகிறது. அந்த நாட்டில் தொடர் மாதிரி எடுப்பு கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019இல் அதைப் பொதுவிதியாக்கி, வெளியீடு நிலையாகக் குறைவு என்று நிரூபித்தவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. நாம் ஐரோப்பாவின் எண்ணை எடுத்துக்கொண்டோம். அந்த எண்ணை நம்பத் தகுந்ததாக்கிய ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறி இறங்கும் நம் குப்பைக்கு அந்த ஏற்பாடு ஐரோப்பாவைவிட அதிகமாகவே தேவை.

இன்னொரு எதிர்வாதம் குப்பைமேட்டிலிருந்து வருகிறது. ஆலை வேண்டாம் என்றால் குப்பை சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குவியும். அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகையும். வடிகட்டியில்லாத அந்தப் புகையில் டையாக்ஸின் இல்லையா, அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பவில்லையா என்பார்கள். இருக்கிறது, கிளம்புகிறது. வெட்டவெளியில் குப்பை எரிவது ஒழுங்கான உலையைவிடப் பல மடங்கு மோசம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஒப்பீடு எப்போதும் ஒரு பக்கம் மிக மோசமான குப்பைமேட்டையும் மறுபக்கம் மிகச் சிறந்த ஆலையையும் வைத்துத்தான் நடக்கிறது. மீத்தேன் வருவது ஈரக் குப்பையிலிருந்து. அதைப் பிரித்து உரமாக்கினாலோ மூடிய கலனில் எரிவாயு எடுத்தாலோ மீத்தேனும் போகிறது, குப்பைமேட்டுத் தீயும் பெருமளவு தணிகிறது. அதே பிரிப்புதான் ஆலைக்கும் முதல் தேவை. பிரிக்காத குப்பையில் திமார்பூர் உலை நின்றுபோனதைப் பார்த்தோம். ஆக, பிரிக்கும் நகரத்தில் எரிக்க வேண்டியது குறைகிறது, பிரிக்காத நகரத்தில் எரித்தால் ஒழுங்காக எரியவில்லை. குப்பைமேட்டைக் காட்டி ஆலைக்கு நியாயம் கேட்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலையைத் தாண்டிப் போகிறார்கள்.

குப்பை மின்சாரம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற பட்டமும் ஆராய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் தேசிய மின்கட்டணக் கொள்கை, மாநிலத்துக்குள் குப்பையிலிருந்து எடுக்கும் மின்சாரம் முழுவதையும் மின் வாரியங்கள் வாங்க வேண்டும் என்றது. காய்கறிக் கழிவிலும் காகிதத்திலும் உள்ள கார்பன் செடி காற்றிலிருந்து எடுத்தது. அது திரும்பக் காற்றுக்குப் போவதைப் புதுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக்கின் கார்பன் பூமிக்கடியில் இருந்த எண்ணெயிலிருந்து வந்தது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் கணக்கு முறையும் அதைப் புதைபடிவ எரிபொருளாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கை நம்பி எரியும் எரிபொருளுக்கு முழுப் பசுமைப் பட்டம் கொடுப்பது, கார்பனையும் அளக்காமல் விடும் பழைய பழக்கத்தின் புது வடிவம். இந்த எரிபொருள் மின் நிலையங்களுக்கு மட்டும் போவதில்லை; குப்பைமேடுகளை அகழ்ந்து பிரித்ததில் கிடைக்கும் ஆர்.டி.எஃப். தமிழ்நாட்டிலும் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. சிமென்ட் உலையின் கடுஞ்சூடு டையாக்ஸினைச் சிதைக்க உதவும் என்பது சரி. ஆனால் எந்தச் சூட்டிலும் பாதரசம் அழிவதில்லை, அதற்குத் தனிக் காவல் வேண்டும்.

இவ்வளவும் சொல்வது குப்பையை எரிக்கவே கூடாது என்று நிறுவுவதற்காக அல்ல. பிரித்து, மறுசுழற்சி செய்து, உரமாக்கிய பின்னும் எதற்கும் உதவாத மிச்சம் ஒன்று எல்லா நகரங்களிலும் இருக்கும். அதை ஒழுங்காக எரிக்க முடியும் என்பதை ஐரோப்பாவின் அனுபவம் காட்டியிருக்கிறது. ஆனால் கொடுங்கையூரில் இப்போது ஆலைத் திட்டமும் அதை எதிர்த்து வடசென்னை மக்களின் போராட்டமும் எதிரெதிரே நிற்கும்போது, வாதம் எந்த நிறுவனத்தின் கொதிகலன் நல்லது என்பதில் சிக்கிக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டியவை வேறு. உள்ளே போகும் எரிபொருளின் ஈரமும் வெப்ப அளவும் குளோரினும் அன்றாடம் பதிவாகுமா? டையாக்ஸினுக்கு ஆண்டு முழுவதும் தொடர் மாதிரி எடுப்பார்களா? சாம்பல் எங்கே போகிறது, அதைச் சோதிப்பது யார்? இந்த எண்களை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் கேட்காமலேயே பார்க்க முடியுமா? வரம்பை மீறினால் உலையை நிறுத்தும் அதிகாரம் மின்சாரம் விற்பவரையும் வாங்குபவரையும் சாராத ஒருவரிடம் இருக்குமா? இதற்கெல்லாம் செலவாகும், மின்சாரம் விலை கூடும் என்று சொல்லலாம். கூடட்டும், அதுதான் இந்த மின்சாரத்தின் உண்மையான விலை. அளவீடு முதலில் வராத இடங்களிலெல்லாம் மிச்ச விலையை ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களே கொடுத்திருக்கிறார்கள்.